கண்ணுவுக்கு ஒரு துணை

ஏற்காட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நான் ஆபரேட்டராக மாற்றலாகி வந்தபோது, எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த அம்மாள் என்னிடம் மூன்றை ஒப்படைத்துவிட்டுப் போனார். எக்ஸ்சேஞ்சுக்குப் பின் சந்தில் அவர் குடியிருந்த வாடகை வீட்டின் சாவி, திரி கருகிய மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு நாய். சாவியையும் ஸ்டவ்வையும் பற்றி முன்பே கடிதம் எழுதியிருந்தார். நாயைப் பற்றி, சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத்தான் சொன்னார். "பால் சோறு போதும்மா. காரம் மட்டும் ஆகாது" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை கிடைத்திருந்தது. விடிந்ததும் போய் ஆட்களின் பேரைப் பதிவது அவர் வேலை. இருவருமே சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் வீடுகளில் நாய் என்றால் வாசலுக்கு வெளியே கிடக்கும். மிஞ்சினதைப் போட்டால் தின்னும், திருடன் வந்தால் குரைக்கும். இந்த நாயோ, நாங்கள் சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் கட்டிலில் ஏறித் தலையணையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது.

பொமரேனியன் என்று சொன்னார்கள். முன்பக்கம் பார்த்தால் பொமரேனியன்தான். பின்பக்கத்தில் வால் வேறு ஏதோ ஜாதியைச் சேர்ந்தது. மொத்தத்தில் நாய் ஒரு பெரிய பரங்கிக்காய் அளவு இருக்கும். பழைய அம்மாள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. இந்தப் பக்கத்தில் குழந்தைகளைக் கூப்பிடுகிற மாதிரி "கண்ணு" என்றோம். அதில் ஒரு சிக்கல், என் வீட்டுக்காரர் வாசலில் நின்று "கண்ணு, சோறு!" என்று கூப்பிட்டால் சந்திலுள்ள நாலைந்து பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வரவும் வரும்.

பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும்வரை கண்ணுவால் ஒரு தொல்லையும் இல்லை. போன பிறகுதான் ஆரம்பிக்கும். முதலில் கதவைப் பிராண்டும். பிறகு ஒரு விம்மல். அப்புறம் கழுத்தை நிமிர்த்தி, சங்கு ஊதுகிற மாதிரி நீட்டி முழக்கி ஓர் ஊளை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். நான் ஷிப்ட் முடிந்து சாவியைப் பூட்டில் நுழைக்கும்வரை இது நடக்கும்.

எங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு பலா மரமும்தான். நான் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லும்போதெல்லாம் பின்னணியில் ஊளை கேட்கும். சேலம் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏனுங்கக்கா, உங்க மலையில பட்டப்பகல்லயே நரி வருதுங்களா?"

நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்பார்கள். சந்தில் முதல் வாரம் எல்லோரும் கொஞ்சம் பயந்துதான் போனார்கள். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஊளையிட்டும் மாதக்கணக்கில் ஒருவரும் சாகாததால், அந்த நம்பிக்கையே எங்கள் சந்தில் ஆட்டம் கண்டுவிட்டது.

நிஜமாகவே ஆட்டம் கண்டவர் பக்கத்து வீட்டுக்காரர். காட்டு இலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைக் கார்டய்யா என்றுதான் சொல்லும். மத்தியானம் சாப்பிட்டவுடன் இரண்டு மணி நேரம் படுப்பது அவர் வழக்கம். அவருடைய கட்டில் எங்கள் சுவரை ஒட்டி இருந்தது.

"முப்பது வருசம் காட்டுல இருந்தனுங்க அம்மிணி" என்றார் ஒருநாள் வாசலில் நின்று. "நரி கேட்டிருக்கறேன், செந்நாய் கேட்டிருக்கறேன். இப்படி ஒரு ஊளைய நான் கேட்டதே இல்லீங்க. தூக்கம் போனாப் போவுது, நேத்து எனக்கு அழுகையே வந்துபோச்சுங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "அவரு அழுததுக்கு நாயி காரணமில்ல அம்மிணி, குழம்புல மொளகா கூடிப்போச்சு" என்றார்.

கண்ணுவை எக்ஸ்சேஞ்சுக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்து போர்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்ன மூடி இருக்கும். யாராவது தங்கள் வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர்கள் நம்பரின் மூடி டக்கென்று விழும். கண்ணு என் நாற்காலிக்கு அடியில் சமர்த்தாகத்தான் படுத்தது. முதல் மூடி விழுந்ததும் ஒரு குரைப்பு. இரண்டாவதுக்கு இரண்டு. பண்டிகை சமயம், மூடிகள் மழைபோல விழுந்தன. அப்போது மெட்ராஸில் இருக்கும் தன் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி, "யாருங்க அங்க கொரைக்கறது?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தி அம்மாள் அதைத் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார். அவர்களைச் சமாதானப்படுத்த நான் லைனில் குறுக்கே போய் என் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த நாளே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் போர்டில் பேசக் கூடாது என்று விதியை எடுத்துச் சொன்னார்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். மாடுகளைப் பார்த்தே பழகியவர் என்பது கண்ணுவை அவர் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. நாக்கு, வயிறு, காது எல்லாம் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. தனியா இருக்கப் பயப்படுது. துணைக்கு இன்னொரு நாய் வெச்சுக்குங்க. சின்னதா, சாதுவா" என்றார். சீட்டு எழுதாமல் ஒருவரையும் அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'மற்றொரு நாய். ஒன்று.'

என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கத்துதுன்னு போனா ரெண்டா வெச்சுக்கச் சொல்றாரா? ரெண்டும் சேந்து கத்துனா அப்பறமேலு நாலு எழுதுவாரா?" என்றார். ஆனாலும் அன்று மத்தியானம் அவர் லீவில் வீட்டில் இருக்கும்போது கடைக்குப் போவதுபோலப் பூட்டிக்கொண்டு வெளியே போய், பலா மரத்தடியில் நின்று கண்ணுவின் ஊளையை முழுதாக ஒரு தடவை கேட்டார். திரும்பி வந்தவர் நிபந்தனைகளைச் சொன்னார். கண்ணுவைப் போல ஆணாக இருக்க வேண்டும், இரண்டு ஐந்தாகிவிடக் கூடாது. கண்ணுவைவிடப் பெரிதாக வளரக் கூடாது. கட்டிலில் ஏறக் கூடாது. கடைசியாக, எது வந்தாலும் கண்ணுவுக்குப் பிடிக்க வேண்டும். அதனால் பார்க்கப் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சின்ன நாய் ஒன்று தேவை என்று நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். சேலத்துக்கு லைன் கிடைக்கக் காத்திருந்த மளிகைக்கடைக்காரர். ஒரு மணி நேரத்தில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மூடி விழும், நான் "நம்பர் ப்ளீஸ்" என்பேன். "நம்பரெல்லாம் வேண்டாமுங்க, நாயி வேணுமின்னீங்களாமே?" என்று அந்தப் பக்கம் கேட்கும். ஒருவர் பூனை தருகிறேன் என்றார். ஒருவர் பேசுகிற கிளி. "தொணைக்குத்தானுங்க? என்ற மச்சான் சும்மாதான் உக்காந்துட்டு இருக்கறான், அனுப்பி உடட்டுங்களா?" என்றார் இன்னொருவர்.

முதலில் பார்க்கப் போனது ஒரு பங்களா. அங்கே தனியாக இருந்த அம்மாள், நீள உடம்பும் கட்டைக் காலுமாக இருக்கும் டாஷ்ஹண்ட் நாய்களை வளர்த்துவந்தார். நாலு குட்டிகள் இருந்தன. நாங்கள் குட்டியைப் பார்க்க வந்ததாக நினைத்தோம். அவர் எங்களைப் பார்க்கத்தான் எங்களை வரச் சொல்லியிருக்கிறார் என்பது போன பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எத்தனை அறை, தோட்டம் உண்டா, தினமும் கறி போடுவோமா, நாயிடம் எந்தப் பாஷையில் பேசுவோம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எஸ்டேட் துரையிடம் பேசுவதுபோல எழுந்து நின்று பதில் சொன்னார். அந்த நேரத்தில் கண்ணு குட்டிகளைத் தாண்டி நடந்து போய், அம்மாளுடைய சோபாவில் ஏறி, இரண்டு சுற்று சுற்றிப் படுத்துத் தூங்கிவிட்டது.

"உங்க நாய்க்கு முதல்ல ஒழுக்கம் வேணும். யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அம்மாள். கண்ணுவைத் தூக்கியபோது சோபாவில் வெள்ளை முடி வட்டமாக ஒட்டியிருந்தது. நான் முந்தானையால் துடைத்தேன். போகவில்லை.

அடுத்தது மஞ்சக்குட்டை கிராமம். இந்தத் தடவை கார்டய்யாவும் கிளம்பிவிட்டார். "என்ற தூக்கத்துக்குத்தானுங்க நாயி புடிக்கறீங்க. நான் இல்லாம எப்படி?" என்றார். நியாயம்தான். நாங்கள் மூவரும், வயர்க்கூடையில் கண்ணுவுமாக ஷேர் ஜீப்பில் போய் இறங்கினோம். விவசாயி ஒருவரின் களத்து ஓரத்தில், ராகித் தாள் போருக்கு அடியில் ஆறு குட்டிகள். தாய் நாய் சின்னதுதான். நல்ல லட்சணமாகவும் இருந்தது.

கார்டய்யா ஒவ்வொரு குட்டியாகக் காதைப் பிடித்துத் தூக்கினார். "கத்தாத குட்டிதான் நல்ல குட்டி" என்பது அவர் சாஸ்திரம். ஐந்து குட்டிகள் வீல் வீலென்று கத்தின. ஆறாவது கத்தவில்லை. "இதுதான்!" என்றார். அது அவர் கையிலேயே அவர் சட்டையெல்லாம் ஈரமாக்கிவிட்டுச் சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். "அப்பா நாய் எதுங்க?" என்று கேட்டேன்.

விவசாயி சிரித்தார். "அதய நாயிகிட்டத்தானுங்க கேக்கோணும்" என்றார்.

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. போருக்குப் பின்னாலிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. கார்டய்யாவின் கையிலிருந்த குட்டிக்கு அச்சாக அதே முகம், அதே பாதம். கண்ணு கூடைக்குள் போய்த் துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. விவசாயி கொடுத்த கொய்யாப் பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மாரமங்கலத்திலிருந்து கூப்பிட்டது அதற்கப்புறம்தான். அங்கே காப்பியும் மிளகும் போட்டிருந்த ஒரு தம்பதிக்குப் போன் இருந்தது. அந்த அம்மாள் குரலை இறக்கித்தான் பேசுவார், போனில் பேசினால் பக்கத்து ஊருக்கே கேட்கும் என்று நினைப்பு.

"ஏனுங்க, குட்டி எங்கூட்ல இல்லீங்க. கெழடு ஒண்ணு இருக்குதுங்க. ஒம்பது பத்து வயசு இருக்கும். சின்னதுங்க, நொம்ப சாது. காப்பி களவு போவுதுன்னு எங்கூட்டுக்காரரு ரெண்டு பெரிய நாயி கொண்டாந்தாரு. அதுக ரெண்டும் இது சோத்தப் புடுங்கித் தின்னுபோடுதுங்க. இது சண்டை போட மாட்டேங்குது. சும்மா பாத்துக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல."

பத்து வயசு நாயா என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். கார்டய்யாவும் குட்டியாக எடுத்தால்தான் சொன்ன பேச்சு கேட்கும் என்றார். ஆனால் 'சும்மா பாத்துக்கிட்டு நிக்குது' என்று அந்த அம்மாள் சொன்னது என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். கூடையிலிருந்து தலையை நீட்டிய கண்ணுவைப் பார்த்துக் கண்டக்டர், "இதுக்கு அரை டிக்கெட்டா, லக்கேஜா?" என்று கேட்டார். கார்டய்யா, "அது பொண்ணு பாக்கப் போவல, சட்டம் பேசாத" என்றார். என்ன அர்த்தம் என்று கண்டக்டருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை, டிக்கெட் பேச்சு அதோடு நின்றது.

அந்த நாய் காப்பி காயப்போடும் களத்தின் நடுவில் வெயிலில் படுத்திருந்தது. செம்மண் நிறம், மூக்கைச் சுற்றி நரை. கண்ணுவைவிட ஒரு விரல்கடை உயரம் குறைவு. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. காவல் நாய்கள் இரண்டும் சங்கிலியில் நின்று குரைத்த குரைப்பில் எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. இது கண்ணைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா? நிதானம்" என்றார் அந்த அம்மாளின் கணவர். "கூப்புட்டா ஒரே குரல்ல வரும். பாருங்க." நாய்க்குப் பக்கத்தில் போய், "வாடா!" என்றார். கூடவே தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். நாய் எழுந்து வாலாட்டிக்கொண்டு அவரிடம் வந்தது. "உக்காரு!" என்று மறுபடி ஒரு மிதி. உட்கார்ந்தது. அவருக்குப் பேசும்போது காலை மிதிக்கும் பழக்கம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தார். "காப்பி கொண்டா புள்ள" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டார்.

கார்டய்யா காதைப் பிடித்தார். நாய் அவரைக் கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தது, அவ்வளவுதான். அவர் எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார். "இலாகாவுல இருந்திருக்க வேண்டிய நாயிங்க இது. எதுக்கும் அசையல."

கண்ணுவை இறக்கி விட்டோம். அது நாலு அடி தள்ளி நின்று, குரைத்துப் பார்த்தது. பதில் இல்லை. சுற்றி வந்து காதருகில் குரைத்தது. கிழம் திரும்பிக் கண்ணுவின் மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு, மறுபடி வெயிலில் படுத்தது. கண்ணு கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு அதன் முதுகில் முதுகு ஒட்ட உட்கார்ந்தது. காப்பி குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"ஒரு வாரம் வெச்சுப் பாருங்க" என்றார் அந்த ஆள். "புடிக்கலீன்னா கொண்டாந்து உட்டுருங்க." பை நிறைய பட்டர் ஃப்ரூட்டும் ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தார். கொஞ்சம் அவசரமாகவே வழியனுப்பினார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டையும் உள்ளே விட்டுப் பூட்டினேன். கார்டய்யா அவர் வீட்டு முக்காலியை எங்கள் ஜன்னலுக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எக்ஸ்சேஞ்சில் ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் ஜன்னலுமாக இருந்தேன். ஏழேகாலுக்கு வழக்கம்போல விம்மல் கேட்டது. அப்புறம் ஊளை, நீளமாக, உருக்கமாக. சரி, டாக்டர் நாலு என்று சீட்டு எழுதும் வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது ஊளை பாதியில் நின்றது. மூன்றாவது வரவேயில்லை.

கார்டய்யா ஜன்னல் வழியாகப் பார்த்ததைப் பின்னால் அபிநயத்தோடு சொன்னார். கண்ணு தலையைத் தூக்கி ஊளையிட்டதாம். ஊளையிட்டுவிட்டுக் கிழத்தைத் திரும்பிப் பார்த்ததாம். கிழம் தூங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய் அதன் முகத்துக்கு நேராக இன்னொன்று விட்டது. கிழம் கண்ணைத் திறந்து, இவ்வளவு பக்கத்தில் வாயை எதற்குத் திறக்கிறாய் என்பதுபோலப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்ததாம். கண்ணு அந்த இடத்தில் படுத்துவிட்டது. "மெரட்டலீங்க, கடிக்கலீங்க. ஒரே பார்வை! அதுக்குப் பேருதான் அதிகாரம்" என்றார். அன்று மத்தியானம் அவர் மூன்று மணி நேரம் தூங்கினார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. குக்கர் விசிலடித்தால் கண்ணு கட்டிலுக்கு அடியில் ஓடும், கிழம் அசையாது. பஸ் ஹாரன், இடி, பக்கத்துத் தெருக் கல்யாண மேளம், எதற்கும் அசையாது. "பக்குவப்பட்ட உசுரு" என்றார் என் வீட்டுக்காரர். வியாழக்கிழமை பரணிலிருந்து காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று உருண்டு, தூங்கிக்கொண்டிருந்த கிழத்தின் தலைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எனக்குக் கையிலிருந்த பால் சிந்திவிட்டது. கிழம் காதைக்கூட ஆட்டவில்லை.

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாகப் பின்னால் போய்க் கைதட்டினார். தட்டைத் தட்டினார். என் பேரைச் சொல்லிக் கத்தினார், ஏன் என் பேரை என்று தெரியவில்லை. ஒன்றுமில்லை. "ஏம்புள்ள, இது செவுடு" என்றார்.

கார்டய்யா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், இலாகாவில் இருந்தபோது வைத்திருந்த விசிலைத் தேடி எடுத்து வந்து, நாயின் காதுக்குப் பின்னால் கன்னம் உப்ப ஊதினார். கடைவீதியிலிருந்து மூன்று பேர் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார்கள். நாய் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, கட்டுப்பாடு!" என்றார் கார்டய்யா. அவர் மனைவி அந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் மாரமங்கலத்து மூடி விழுந்தது. அந்த அம்மாள்தான். "ஏனுங்க, நாயி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுக் குரலை இன்னும் இறக்கினார். பிறகு, "அதுக்குக் காது கேக்காதுங்க" என்றார். "ரெண்டு வருசமாச்சு. சொல்லிப்போடலாமுன்னேன். சொன்னா யாரு எடுப்பாங்கன்னு இவரு உடல. தரைய மிதிச்சா அதிர்வுல தெரிஞ்சுக்கும். எனக்கு நாலு நாளாச் சோறு எறங்கல. கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம வந்து கூட்டியாறச் சொல்லட்டுங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணுவின் ஊளை ஏன் நின்றது என்பது அப்போதுதான் புரிந்தது. அது இத்தனை நாளும் யாராவது கேட்பார்கள் என்றுதான் ஊளையிட்டிருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் கதவைத் தட்டினார்கள், அதட்டினார்கள், அழுதார்கள், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிழம் ஒன்றுதான் அதைக் கேட்காமல் பக்கத்தில் படுத்திருந்தது.

அதே நாள் பங்களா அம்மாளும் கூப்பிட்டார். யோசித்துப் பார்த்ததில் எங்களைத் தேர்வு செய்துவிட்டதாகவும், ஒரு ஆண் குட்டியைத் தருவதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். சோபாவை வேறு துணி போட்டு மூடிவிட்டாராம்.

ஆக, முடிவு செய்ய எங்களுக்கு ஒரு நாள் இருந்தது. நல்ல ஜாதியில் பிறந்த, காது கேட்கிற, இன்னும் பன்னிரண்டு வருஷம் வாழக்கூடிய குட்டி ஒரு பக்கம். பல் தேய்ந்த செவிட்டுக் கிழம் ஒரு பக்கம். இரண்டாவது நாய் எதற்கு என்று கேட்டவர் என் வீட்டுக்காரர்தானே, அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயந்திரம் அவர் எஸ்டேட்டிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கிழத்துக்கு முன்னால் உட்கார்ந்து தரையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அது எழுந்து வந்து அவர் மடியில் மோவாயை வைத்தது. அன்று எஸ்டேட்டில் மேனேஜர் தன்னைத் திட்டியதை அவர் அதனிடம் முழுக்கச் சொன்னார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் அவர் அதைச் சொல்லவேயில்லை.

"மறுபடியும் இத பஸ்ல ஏத்தி, அத்தன வளைவுலயும் வாந்தி எடுக்க வெச்சு, கொண்டுபோய் உட்டா அந்தத் தடியனுங்க ரெண்டும் சோத்தப் புடுங்கும்" என்றார் பொதுவாகக் கூரையைப் பார்த்து. பிறகு, "நான் பேசறப்போ நடுவுல பேசாத ஒரே ஆளு இந்த ஊட்டுல இதுதான்" என்றார்.

பங்களா அம்மாளிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "செவிட்டு நாய்க்காகவா?" என்று இரண்டு தடவை கேட்டார். லைன் சரியில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பேர் வைப்பது என்று ஒரு பேச்சு வந்தது. வைத்து என்ன பயன், கூப்பிட்டால் கேட்கவா போகிறது? கடைசியில் வயசுக்கு மரியாதை கொடுத்துப் 'பெரியவர்' என்று ஆயிற்று. பேர் அப்படி ஆனதும் எங்கள் பேச்சும் மாறிவிட்டது. "பெரியவர் சாப்பிட்டாரா?", "பெரியவர் வெளியே போயிருக்கார்" என்றுதான் சொல்வோம். ஒருமுறை ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், யாரோ வயசானவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். கட்டிலில் ஏறக் கூடாது என்ற நிபந்தனையும் நிலைக்கவில்லை. ஒரு மாதத்தில் பெரியவர் கட்டிலில்தான் படுத்தார், கால்மாட்டில் கண்ணு. நாங்கள் மிச்சமிருந்த இடத்தில்.

கார்டய்யாவின் மத்தியானத் தூக்கம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. பெரியவருக்குக் குறட்டை உண்டு. சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மரம் அறுப்பதுபோலச் சுவரைத் தாண்டிப் போகும். ஆனால் காதைப் பிடித்துத் தேர்ந்தெடுத்தவர் கார்டய்யாவே ஆதலால் அவரால் குறை சொல்ல முடியவில்லை. யாராவது கேட்டால், "அது கொறட்டை இல்லீங்க. நெஞ்சு சுத்தமா இருக்கற நாயிக்கு அப்படித்தான் மூச்சு வரும்" என்பார், சிவந்த கண்களோடு.

பெரியவர் எங்களோடு மூன்றரை வருஷம் இருந்தார். கண்ணு அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்தது. நான் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் மேல் ஏறி மிதித்து எழுப்பிவிடும். பால்காரர் வந்தால் காதைக் கவ்வி இழுக்கும். ஒரு ஆடி மாதத்தில், மூடுபனியும் சாரலுமாக இருந்த முற்பகலில், கார்டய்யா எக்ஸ்சேஞ்சு ஜன்னலில் வந்து நின்றார். நான் ட்ரங்க் லைனில் இருந்தேன். அவர் சைகை காட்டினார். பிறகு மெதுவாக, "சத்தம் நின்னுபோச்சுங்க அம்மிணி" என்றார்.

பலா மரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். மாரமங்கலத்துக்கு நானே லைன் போட்டுச் சொன்னேன். அந்த அம்மாள் அழுதார். அவர் கணவர் போனை வாங்கி, "வேற ஒண்ணு பாக்கட்டுங்களா? காது நல்லாக் கேக்கறதா?" என்றார்.

பார்க்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை நான் பூட்டும்போது, கண்ணு என் காலுக்கு இடையில் நுழைந்து வெளியே வந்துவிட்டது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைப் பிராண்டியது. கார்டய்யாவின் மனைவி திறந்தார். கண்ணு அவரைத் தாண்டி உள்ளே போனது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, "அட, காலாண்ட இல்ல, அக்கட்ட போடா! போர்வையெல்லாம் உன்ற முடி" என்று கார்டய்யாவின் குரல் கேட்டது. நான் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.